எஃப்-1 மாணவருக்கு வேலை அனுமதி: ஐ-20 முதல் ஸ்டெம் ஓபிடி வரை நாள் தவறாமல் போக முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவருக்கு வேலை அனுமதி கிடைக்காமல் போனால், தோண்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் தகுதிக் குறைவு இருக்காது. நாள் கணக்குத்தான் காலை வாரியிருக்கும். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று எண்கள் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வேறு தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. ஒன்று படிப்பு முடியும் தேதியிலிருந்து, ஒன்று பல்கலைக்கழக அலுவலர் கணினியில் பதிந்த நாளிலிருந்து, இன்னொன்று அனுமதி அட்டையில் அச்சான தேதியிலிருந்து. எது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

விசா வேறு, அந்தஸ்து வேறு

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அமெரிக்காவுக்குள் நுழைவதற்கு மட்டும்தான். உள்ளே இருக்கும்போது அது காலாவதியானாலும் உங்கள் அந்தஸ்து கெடாது. அந்தஸ்தைத் தாங்கி நிற்பவை இரண்டு தாள்கள்: பல்கலைக்கழகம் தரும் ஐ-20, எல்லையில் நுழையும்போது பதிவாகும் ஐ-94. ஐ-20இல் உள்ள விவரங்கள் செவிஸ் என்ற அரசுக் கணினியில் இருக்கின்றன. அதைத் திருத்தும் உரிமை உங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் உள்ள டிஎஸ்ஓ என்ற அலுவலருக்கு உண்டு. வேலை அனுமதிப் பாதை முழுவதும் இவர் வழியாகத்தான் போகும்.

ஐ-94ஐ இணையத்தில் இறக்கிப் பாருங்கள். நுழைவு வகை எஃப்-1 என்றும், தங்கும் காலம் டி/எஸ் (மாணவர் அந்தஸ்து நீடிக்கும்வரை) என்றும் இருக்க வேண்டும். அதிகாரி அவசரத்தில் வேறு வகையைப் பதிந்திருந்தால் எல்லைக் காவல் துறையின் டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்தில் திருத்திக்கொள்ளலாம். வந்த வாரமே பார்த்துவிட்டால் சின்ன வேலை. இரண்டு வருடம் கழித்து வேலை அனுமதி விண்ணப்பத்தின் நடுவில் கண்ணில் பட்டால் அதுவே பெரிய தலைவலி.

பெயர்: தமிழ் மாணவர்கள் ஊரிலேயே முடிக்க வேண்டிய காரியம்

இனிஷியல் வைத்துக்கொள்வது நம் வழக்கம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, முழுப்பெயரையும் கிவன் நேம் கட்டத்தில் போட்டவர்கள் ஏராளம். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் சர்நேம் இடத்துக்கு நகர்ந்துவிடும். முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகும்; முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. பிறகு ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வங்கிக் கணக்கு, வேலை அனுமதி அட்டை என்று ஒவ்வொன்றிலும் பெயர் ஒவ்வொரு விதமாக வந்து நிற்கும். வேலையில் சேரும்போது நிறுவனம், வேலை பார்க்கும் உரிமையைச் சரிபார்க்கும் அரசுத் தளமான இ-வெரிஃபை மூலம் சரிபார்த்தால், பெயர் பொருந்தவில்லை என்று அங்கே தட்டும்.

ஐ-20 வாங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் சர்நேம், கிவன் நேம் இரண்டும் நிரம்பியிருக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். இனிஷியலையும் விரித்து எழுதுங்கள். ஏற்கெனவே அங்கே போய்விட்டவர்கள், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாவற்றிலும் எழுதுவது என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து நகராமல் இருப்பது நல்லது.

படிக்கும் காலத்தில் என்ன வேலை செய்யலாம்

வளாகத்துக்குள் வேலை செய்யத் தனி அனுமதி அட்டை தேவையில்லை. வகுப்பு நடக்கும் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, விடுமுறையில் முழுநேரம். நூலகத்தில் 12, ஆய்வகத்தில் 10 என்று இரண்டு வேலை பார்த்தால் கூட்டுத்தொகை 22. அது மீறல்தான், ஒவ்வொரு துறையும் தன் கணக்கை மட்டும் பார்க்கும், கூட்டிப் பார்க்க வேண்டியவர் நீங்கள். வேலை கிடைத்ததும் துறையின் கடிதம், டிஎஸ்ஓவின் கடிதம், பாஸ்போர்ட், ஐ-20, ஐ-94 ஆகியவற்றோடு போய் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கிக்கொள்ளலாம்.

வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றிச் செய்யும் வேலை பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் பங்க் கல்லாவில் நிற்பது, உணவகத்தில் ரொக்கக் கூலிக்கு வேலை பார்ப்பது, நண்பரின் கணக்கில் உணவு டெலிவரி ஓட்டுவது எல்லாம் இதில் அடங்கும். அந்தஸ்து இழந்த மாணவர் அதை மீட்டுக்கொள்ள ரீஇன்ஸ்டேட்மெண்ட் என்ற வழி சட்டத்தில் இருக்கிறது. பாடச்சுமை குறைந்தது, ஐ-20 நீட்டிப்பு தவறியது போன்றவற்றுக்கு, தவறு உங்கள் கையை மீறியது என்று காட்ட முடிந்தால், அது உதவக்கூடும். ஆனால் அனுமதியின்றி வேலை செய்தவருக்கு அந்தக் கதவு கிடையாது. வாடகைக்குப் பணம் போதாமல் தவிப்பவர்களின் நிலை புரிகிறது. அதற்காகவே, முதல் கல்வியாண்டு முடிந்தவர்களுக்கு எதிர்பாராத பண நெருக்கடிக்கான தனி வேலை அனுமதி உண்டு. அதற்கு ஐ-765 என்ற வேலை அனுமதி விண்ணப்பப் படிவத்தைப் போட வேண்டும். டிஎஸ்ஓவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்டர்ன்ஷிப்புக்கு உரியது சிபிடி என்ற பாடத்திட்டப் பயிற்சி அனுமதி. ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். முதல் பருவத்திலேயே களப்பயிற்சி கட்டாயமான மேற்படிப்புகளுக்கு மட்டும் விலக்கு. வேலை பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். அனுமதியை டிஎஸ்ஓவே தருகிறார். ஐ-20இன் இரண்டாம் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், தொடக்க நாள், முடியும் நாள், பகுதிநேரமா முழுநேரமா என்பது எல்லாம் அச்சாகி வரும். அந்தத் தொடக்க நாளுக்கு ஒரு நாள் முன்னால் ஓரியண்டேஷனில் உட்கார்ந்தாலும் அனுமதியற்ற வேலை என்று ஆகிவிடலாம். ஆகவே நிறுவனம் தேதியை முன்னே நகர்த்தினால், முதலில் புதிய ஐ-20, பிறகு வேலை.

முழுநேர சிபிடி 12 மாதம் ஆகிவிட்டால், பட்டம் முடித்தபின் வேலை பார்க்கத் தரப்படும் ஓபிடி அந்தப் பட்டத்துக்கு முழுவதுமாகப் போய்விடும். பகுதிநேர சிபிடி ஓபிடியைத் தொடாது. சேர்ந்த முதல் நாளே முழுநேர சிபிடி தருவதாகச் சொல்லி ஆள் சேர்க்கும் கல்லூரிகளில் விழும் முன் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். பின்னாளில் விசா நேர்காணலிலோ எச்-1பி வேலை விசா மனுவிலோ அந்தப் படிப்பு பற்றித்தான் கேள்விகள் வரும்.

ஓபிடி: காலண்டரை எடுத்து வையுங்கள்

பட்டம் முடித்தபின் படித்த துறையில் 12 மாதம் வேலை பார்க்கும் அனுமதிதான் ஓபிடி. இளநிலை, முதுநிலை, முனைவர் என்று ஒவ்வொரு உயர்நிலைக்கும் ஒருமுறை கிடைக்கும். இரண்டாவது முதுநிலைக்கு மறுபடி கிடைக்காது. படிக்கும்போதே ஓபிடியில் கொஞ்சம் பயன்படுத்தியிருந்தால் அது 12 மாதத்தில் கழியும். பகுதிநேரமாகச் செய்திருந்தால் பாதிக் கணக்கில் கழியும்.

எல்லாக் கணக்கும் ஐ-20இல் உள்ள படிப்பு முடியும் தேதியைச் சுற்றியே. பட்டமளிப்பு விழா நடக்கும் நாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உதாரணமாக அந்தத் தேதி 2027 மே 15 என்று வைத்துக்கொள்வோம்.

விண்ணப்பிக்கும் கதவு அதற்கு 90 நாள் முன்னால், பிப்ரவரி 14 அன்று திறக்கும். 60 நாள் பின்னால், ஜூலை 14 அன்று மூடும். இது முதல் கணக்கு.

டிஎஸ்ஓ உங்கள் ஓபிடியைப் பரிந்துரைத்துச் செவிஸில் பதிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் கையில் இருக்க வேண்டும். மார்ச் 3 அன்று பதிந்தால் ஏப்ரல் 2 கடைசி. மே, ஜூன் எல்லாம் இன்னும் இருக்கிறதே என்று மெத்தனமாக இருப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ஐ-20 கைக்கு வந்து மேசையில் கிடக்கும். தேர்வு, தீசிஸ் என்று நாள் ஓடிவிடும். 30 நாள் தாண்டினால் பழைய ஐ-20 செல்லாது, புதிய பரிந்துரையோடு புதிய ஐ-20 வாங்க வேண்டும். பரிந்துரைக்கு முன்பே விண்ணப்பித்தாலும் நிராகரிப்புத்தான். கட்டிய பணம் திரும்பாது.

மூன்றாவது, வேலை தொடங்கும் தேதி. மே 16 முதல் ஜூலை 14 வரை நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். வேலை ஏற்கெனவே உறுதியாகி, நிறுவனம் ஜூன் தொடக்கத்தில் எதிர்பார்த்தால் அந்த நாளையே கேளுங்கள். வேலை இன்னும் கிடைக்கவில்லை என்றால் ஜூலை நடுப்பகுதிக்குத் தள்ளுங்கள். காரணம், அட்டையில் அச்சான தொடக்க நாளிலிருந்து வேலையில்லா நாட்கள் எண்ணப்படும். மொத்தம் 90க்கு மேல் போகக்கூடாது. ஜூன் 1 என்று கேட்டு அட்டையும் அப்படியே வந்து, வேலை அமையாவிட்டால் ஆகஸ்ட் 29ஆம் தேதி 90ஆவது நாள். ஜூலை 14 என்று கேட்டிருந்தால் அதே எல்லை அக்டோபர் 11 வரை போகும். சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் கணக்கில் சேரும். வேலை இல்லாமல் ஊருக்குப் போயிருந்த நாட்களும் சேரும். அனுமதி வந்தபிறகு தேதியை மாற்ற முடியாது.

அனுமதி தாமதமானால், கேட்ட நாள் கடந்துவிட்டாலும் அனுமதி கிடைத்த நாளில்தான் ஓபிடி தொடங்கும். ஆனால் எல்லாம் படிப்பு முடிந்து 14 மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும்; அதைத் தாண்டும் நாட்கள் வெட்டுப்படும்.

கதவு திறந்த முதல் வாரங்களிலேயே போட்டுவிடுவதுதான் எங்கள் பரிந்துரை. ஒருவேளை நிராகரிக்கப்பட்டாலும், ஜூலை 14க்கு முன் என்றால் பிழையைத் திருத்திப் புதிய ஐ-20ஓடு மறுபடி போடலாம். கடைசி வாரத்தில் போட்டவருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

விண்ணப்பத்தை நிரப்புவது

முதலில் டிஎஸ்ஓ அலுவலகத்தில் ஓபிடி கோரிக்கை கொடுங்கள். பட்டத் தேவைகள் முடியும் பருவத்தை உங்கள் துறை ஆலோசகர் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். பருவக் கடைசியில் கூட்டம் அலைமோதும் என்பதால் இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஒதுக்குங்கள். புதிய ஐ-20 வந்ததும் இரண்டாம் பக்கத்தில் ஓபிடி கோரிக்கை வரி இருக்கிறதா, தேதிகள் சரியா என்று பாருங்கள். முதல் பக்கத்தில் டிஎஸ்ஓ கையெழுத்துக்குக் கீழே நீங்களும் கையெழுத்திட்டுத் தேதி போடுங்கள். கையெழுத்திடாத ஐ-20ஐ ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, கூடுதல் ஆதாரம் கேட்கும் ஆர்எஃப்இ கடிதம் வந்த பிறகு பதறுவது அடிக்கடி நடக்கிறது.

பிறகு யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி ஐ-765 படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் இணையவழியில் 470 டாலர், தாளில் 520 டாலர். பணம் கட்டும் அன்று தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பும்போது நீங்கள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். கடைசித் தேர்வு முடிந்த கையோடு சென்னைக்கு விமானம் ஏறி, வீட்டிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூடாது.

வகைக் குறியீடு முக்கியம். பட்டத்துக்குப் பிந்தைய ஓபிடிக்கு சி-3-பி. சி-3-ஏ என்பது படிக்கும்போதே எடுப்பது, சி-3-சி என்பது பின்னால் சொல்லப்படும் ஸ்டெம் நீட்டிப்பு. ஏற்ற வேண்டியவை: பாஸ்போர்ட் அளவில் இரண்டு அங்குலச் சதுரத்தில் வெள்ளைப் பின்னணியோடு புதிதாக எடுத்த படம், ஐ-94, பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், புதிய ஐ-20, முன்பு சிபிடி அல்லது ஓபிடி எடுத்திருந்தால் அந்த ஐ-20கள், முந்தைய செவிஸ் எண்கள். விசாவில் இருக்கும் அதே பழைய படத்தைப் போட்டால் திருப்பிக் கேட்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இன்னும் இல்லாதவர்கள் இதே படிவத்தில் கேட்கலாம். தனியாக அலையத் தேவையில்லை.

முகவரிக் கட்டத்தில் சிக்கல் ஒளிந்திருக்கிறது. மே மாதம் வாடகை ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும் காலம்தான் அட்டை தபாலில் வரும் காலமும். யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் அட்டையைத் தபால் துறை புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பாது, அனுப்பியவருக்கே போய்விடும். அடுத்த சில மாதம் வீடு மாறாத நண்பரின் முகவரியைக் கொடுத்து, கேர் ஆஃப் கட்டத்தில் அவர் பெயரைப் போடுங்கள். அவர் வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

சமர்ப்பித்ததும் ரசீது எண் வரும். சாதாரணப் பரிசீலனைக்குச் சில மாதங்கள் ஆகும். அவசரம் என்றால் ஐ-907 படிவத்தோடு 1,500 டாலருக்கும் அதிகமாகத் தனிக் கட்டணம் கட்டி, 30 வேலை நாளுக்குள் பதில் பெறலாம். வேலை தொடங்கும் நாள் நெருங்கி, நிறுவனம் காத்திருக்க மறுத்தால் மட்டும் இந்தச் செலவு நியாயம். அட்டை கையில் வராமல், தொடக்க நாளும் வராமல் வேலையில் சேரக்கூடாது. வந்ததும் பெயர், பிறந்த நாள், வகை, இரு தேதிகள் ஆகியவற்றைப் பாருங்கள்.

அட்டை வந்தபின்

தொடக்க நாளை ஒட்டி, வேலை, முகவரி விவரங்களை நீங்களே பதியும் அரசுத் தளமான எஸ்இவிபி போர்ட்டலில் கணக்குத் திறக்கும் மின்னஞ்சல் வரும். அது செவிஸில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் போகும். பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்பட்டால் அது உங்கள் கண்ணில் படாமலே போகும். படிப்பு முடியும் முன்பே சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

வேலையில் சேர்ந்தாலும், விட்டாலும், வீடு மாறினாலும் 10 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். வேலை கிடைத்தும் பதிவுசெய்யாவிட்டால் கணினியின் கண்ணில் நீங்கள் வேலையில்லாதவர். 90 நாள் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். வேலை வாரம் குறைந்தது 20 மணி நேரம், படித்த துறையோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். முதல் 12 மாதத்தில் தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்ட ஊதியமில்லாப் பணியும் கணக்கில் சேரும். பேராசிரியரின் ஆய்வகத்தில் அப்படிச் சேருவது நேர்மையான வழி. மேற்பார்வையாளர் கடிதமும் மணிக் கணக்கும் பத்திரமாக வைத்திருங்கள்.

வேலையே இல்லாமல், பெயருக்கு வேலைக் கடிதம் கொடுத்து நாட்களை நிறுத்தித் தருகிறோம் என்று சொல்லும் கன்சல்டன்சிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட நிறுவனம் விசாரணையில் சிக்கினால், அதன் பெயரைப் போர்ட்டலில் பதிந்த ஒவ்வொருவரும் சிக்குவார்கள். பொய்யான தகவல் கொடுத்தார் என்ற பதிவு எச்-1பி, கிரீன் கார்டு வரை துரத்தும். 90 நாள் தீரும் முன் வேறொரு படிப்பில் சேருவதோ ஊர் திரும்புவதோ எவ்வளவோ மேல். அப்படித் திரும்பியவர் பிறகு வேறு விசாவில் வரத் தடையேதும் இருக்காது.

ஸ்டெம் நீட்டிப்பு

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த பட்டங்களுக்கு இன்னும் 24 மாதம் கிடைக்கும். பட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்; ஐ-20இல் உள்ள, பாடப்பிரிவைக் குறிக்கும் சிஐபி குறியீட்டு எண் அரசின் ஸ்டெம் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மேலாண்மைப் படிப்புகளில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

நிறுவனம் இ-வெரிஃபையில் பதிந்திருக்க வேண்டும். ஊதியம் கட்டாயம், தன்னார்வப் பணி இங்கே செல்லாது. ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தை நீங்களும் நிறுவனமும் சேர்ந்து எழுத வேண்டும். என்ன கற்றுக்கொள்வீர்கள், யார் மேற்பார்ப்பார், எப்படி மதிப்பிடுவார் என்பவற்றை வேலை விளம்பரத்திலிருந்து வெட்டி ஒட்டாமல், உங்கள் அன்றாட வேலையை வைத்து எழுதுங்கள். உங்களுக்கு நீங்களே முதலாளியாகக் கையெழுத்திட முடியாது.

முதல் ஓபிடி 2028 மே 31இல் முடிகிறது என்றால், மார்ச் 2 முதல் விண்ணப்பிக்கலாம். மே 31 கடைசி. முதல் ஓபிடியில் இருந்தது போல முடிந்தபின் 60 நாள் கதவு இங்கே இல்லை. அந்த 60 நாள் ஊர் திரும்பத் தயாராகவோ வேறு படிப்புக்கு மாறவோ தரப்படும் அவகாசம் மட்டுமே. டிஎஸ்ஓ பரிந்துரைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். காலத்தில் போட்டுவிட்டால், பழைய அட்டை காலாவதியானாலும் முடிவு வரும்வரை 180 நாள் வரை வேலையைத் தொடரலாம்.

நீட்டிப்பில் வேலையில்லா நாட்கள் மொத்தம் 150 ஆகின்றன. முதல் வருடத்தில் 70 நாள் செலவாகியிருந்தால் மீதி 80. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஓவிடம் விவரத்தை உறுதிப்படுத்த வேண்டும். 12ஆம் மாதமும் முடிவிலும் சுயமதிப்பீடு எழுதி நிறுவனத்தின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். சம்பளம் குறைந்தாலோ மேற்பார்வையாளர் மாறினாலோ திருத்திய ஐ-983 தேவையா என்று டிஎஸ்ஓவைக் கேளுங்கள்.

எச்-1பி மனு ஏற்கப்பட்டு ஓபிடி முடிந்துபோனால் கேப்-கேப் என்ற நீட்டிப்பு கைகொடுக்கும். 2025 ஜனவரி 17 முதல் இது அடுத்த ஏப்ரல் 1 வரை நீள்கிறது. மனு போடப்படும் நாளில் உங்கள் ஓபிடி உயிரோடு இருக்க வேண்டும்.

நடுவில் ஊருக்குப் போவதானால்

செல்லுபடியாகும் விசா, ஆறு மாதத்துக்குள் டிஎஸ்ஓ பயணக் கையெழுத்திட்ட ஐ-20, வேலை அனுமதி அட்டை, வேலைக் கடிதம் ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்து செக்-இன் செய்துவிடாதீர்கள். விசா காலாவதியாகியிருந்தால் ஸ்டாம்பிங், அதாவது தூதரகத்தில் புதிய விசா வாங்குவது, தேவை. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை 2025 செப்டம்பரில் அறிவித்ததால், அருகிலுள்ள வேறு நாட்டில் முடித்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். சென்னைத் துணைத் தூதரகத்தில் தேதி உறுதியாகாமல் டிக்கெட் எடுப்பது ஆபத்து. ஓபிடியில் இருப்பவர் மாதக்கணக்கில் ஊரில் மாட்டிக்கொண்டால் வேலையும் போகும், நாட்களும் ஓடும்.

சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டியது

எஃப்-1 மாணவர், முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் பொதுவாக வரிக்கணக்கில் குடியிருப்பாளர் அல்லாதவர். அந்தக் காலத்தில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கான வரி) 6.2 சதவீதம், மெடிகேர் (மருத்துவக் காப்பீட்டுக்கான வரி) 1.45 சதவீதம் இரண்டும் பிடிக்கப்படக்கூடாது. ஓபிடிக்கும் இது பொருந்தும். டிசம்பரில் வந்திறங்கினாலும் அந்த ஆண்டு ஒரு முழு ஆண்டாகவே எண்ணப்படும். 2025 ஆகஸ்டில் வந்தவருக்கு 2029 வரை விலக்கு. சம்பளப் பிரிவில் பலருக்கு இது தெரியாது, பிடித்துவிடுவார்கள். முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துக் கேளுங்கள். நிறுவனம் திருப்பித் தர மறுத்தால் 843, 8316 ஆகிய படிவங்களோடு வரித்துறையிடமே கேட்கலாம். ஆண்டு வரிக் கணக்கை ஏப்ரல் 15க்குள் 1040-என்ஆர் படிவத்தில் கொடுக்க வேண்டும். வருமானமே இல்லாதவரும் 8843 படிவம் அனுப்ப வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு இருநாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு, வரி போடும் முன் வருமானத்திலிருந்து ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைத் தருகிறது. மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காத சலுகை இது. இலங்கை பாஸ்போர்ட்டில் வந்தவருக்கும் கிடையாது. கணக்கு எழுதும்போது ஒப்பந்தக் கட்டத்தை நிரப்ப மறந்தால் பணம் உங்களுக்குத்தான் நட்டம்.